விலா எலும்பும் மடிக்கணினியும்

மார்பு எக்ஸ்ரே எடுக்கும் அறையில் கேட்கும் கட்டளை நம் எல்லோருக்கும் பழக்கம்: “கையை இடுப்புல வைங்க, தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க.” விமான நிலையத்தில் தட்டுகளுக்கு முன்னால் கேட்கும் கட்டளையும் பழக்கம்தான்: “லேப்டாப்பை வெளிய எடுத்துத் தனித் தட்டுல வைங்க.” முன்னது நோயைத் தேடும் இடம், பின்னது ஆயுதத்தைத் தேடும் இடம். கட்டளைகளின் நோக்கமோ ஒன்றே. தோளை முன்னே தள்ளினால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேலிருந்து விலகும். மூச்சை இழுத்தால் நுரையீரல் விரிந்து இரத்தக் குழாய்களின் நெரிசல் தளரும். மடிக்கணினி வெளியே வந்துவிட்டால் அதன் பேட்டரியும் சுற்றுப்பலகையும் போடும் அடர்ந்த நிழல் பையை விட்டு நீங்கும். பார்க்கப்போகிறவரின் கண்ணை இழுக்கக்கூடியவற்றைப் படம் உருவாகும் முன்பே ஒதுக்கிவைக்கும் வேலை இது.

கட்டளையால் ஒதுக்க முடிவது கொஞ்சம்தான். விலா எலும்புகளைக் கழற்றி வைக்க முடியாது. சார்ஜர், காலணி, சாவிக்கொத்து, பவுடர் டப்பா என ஒவ்வொன்றையும் தனித் தட்டில் பரப்பினால் வரிசை நகராது. மீதி அத்தனையையும் பார்ப்பவரின் கண்ணும் மூளையுமே தள்ளியாக வேண்டும். கதிரியல் மருத்துவரும் பை சோதனையாளரும் நாள் முழுதும் செய்வது இந்தத் தள்ளுதலைத்தான். எதைக் கண்டார்கள் என்பது அறிக்கையில் பதிவாகிறது. எத்தனை ஆயிரம் நிழல்களை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. அந்தப் பதிவாகாத பாதியைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

கருவியின் வரலாற்றில் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரான்ட்ஜென் 1895இல் கண்ட கதிரைக் கொண்டு காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன், 1971இல் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அதே முறையில் பெட்டிகளுக்குள் வெடிபொருள் தேடும் இயந்திரத்துக்கு 1994இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சான்றளித்தது. இயந்திரம் மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது தெளிவு. பார்க்கும் திறனும் அப்படியே குடிபெயர முடியுமா என்பதுதான் கேள்வி.

தள்ளுதல் என்பது எப்படி நடக்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு அதன் தொடக்கம் தெரியும்: கறுப்புக் கல் தானாகக் கண்ணில் படும், அரிசி நிறத்துக் கல் பல்லில்தான் படும். ஆன் ட்ரீஸ்மனும் காரி ஜெலேடும் 1980இல் இந்த வேறுபாட்டுக்கு ஒரு கோட்பாடு கொடுத்தார்கள். நிறம் போன்ற ஒற்றைப் பண்பால் தனித்து நிற்பது எத்தனை பொருட்களுக்கு நடுவிலும் உடனே தெரிகிறது. பண்புகளைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டியதற்குக் கவனம் ஒவ்வொரு இடமாகப் போக வேண்டியிருக்கிறது. அப்படியானால், நாம் தேடாத ஒன்று தனித்து மின்னினால் என்ன ஆகும்? 1992இல் இதற்கு இரண்டு எதிரெதிர் விடைகள் வந்தன. யான் தேயுவஸ், உருவத்தைத் தேடச் சொன்ன சோதனையில் நிறத்தால் மின்னிய வேறொன்று தேடலைத் தாமதப்படுத்தியதைக் காட்டினார்: கண்ணைப் பறிப்பது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கவனத்தையும் பறிக்கிறது. சார்லஸ் ஃபோல்க்கும் அவருடைய கூட்டாளிகளும் அதே ஆண்டில் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: தேடுகிறவர் மனத்தில் எந்தப் பண்பை வைத்திருக்கிறாரோ, அந்தப் பண்பு உள்ளதே அவரை இழுக்கிறது.

இரண்டு தரப்பும் இருபது ஆண்டுகளுக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை. இடைவழி ஒன்றை 2015இல் காஸ்பெலின், லெனார்டு, லக் ஆகியோரின் சோதனை திறந்தது. தேடலுக்கு நடுவே எழுத்துகளைக் கணநேரம் காட்டி, எவையெல்லாம் நினைவில் நின்றன என்று கேட்டார்கள். மின்னும் பொருளின் மேல் இருந்த எழுத்து, மின்னாத சாதாரணப் பொருட்களின் மேல் இருந்த எழுத்துகளைவிடக் குறைவாகவே நினைவில் நின்றது. கண்ணைப் பறிக்க வேண்டியது, மற்றவற்றையும்விடக் கீழே அழுத்தப்பட்டிருந்தது. தள்ளுதல் ஒரு செயல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறிந்தவரை இல்லை. கவனிக்காமல் விடுவதற்கும் மூளை உழைக்கிறது.

அந்த உழைப்பு ஏவலுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நிறத்தைப் பார்க்காதே என்று முன்கூட்டிச் சொன்னால், கவனம் முதலில் அந்த நிறத்துக்கே போய்விட்டுப் பிறகுதான் விலகுகிறது என்று மோஹரும் ஈகெத்தும் 2012இல் காட்டினார்கள். மாறாக, இடையூறு அடிக்கடி ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால், பார்ப்பவர் அறியாமலே அந்த இடத்தின் மேல் கவனம் மங்கிவிடுகிறது. இதை 2018இல் வாங், தேயுவஸ் இருவரும் கண்டார்கள். இளம் மருத்துவரிடம் “விலா எலும்பைப் பார்க்காதே” என்றோ, புதிய சோதனையாளரிடம் “சார்ஜரைப் பார்க்காதே” என்றோ ஆசிரியர் சொல்லித் தர முடியாமல் போவதன் காரணம் இதில் இருக்கிறது. பார்க்காமலிருக்கக் கற்பது, பார்த்துப் பார்த்தே நடக்கிறது.

இந்த இருவருக்கும் இடையிலான முதல் பெரிய பிளவும் இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவரின் இடையூறுகள் ஒழுங்கானவை. விலா எலும்புகள் ஒவ்வொரு மார்பிலும் அதே வளைவில் வருகின்றன. இதயம் இடப்பக்கம் சாய்கிறது. இரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து கிளைத்து ஓரம் போகப் போக மெலிகின்றன. சோதனையாளரின் இடையூறுகளுக்கு அப்படி ஒழுங்கு ஏதும் இல்லை. பையில் ஹேர் டிரையர் எந்த மூலையிலும் இருக்கலாம், எந்தக் கோணத்திலும் திரும்பியிருக்கலாம், எதன் மேலும் படுத்திருக்கலாம். சூரிச்சில் அட்ரியன் ஷ்வானிங்கர் குழுவினர் பைப் படங்களைக் கடினமாக்கும் காரணங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: பொருள் திரும்பியிருக்கும் கோணம், மேலே கவிந்த நிழல்கள், பையின் நெரிசல். மூன்றுமே பைக்குப் பை மாறுபவை. மருத்துவர் பின்புலத்தை அறிந்து அதிலிருந்து வழுவியதைப் பிடிக்கிறார். சோதனையாளரோ தேடுபொருளை அறிந்து, பின்புலம் எதுவாக இருந்தாலும் அதற்குள் அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிளவு கண்ணின் நடமாட்டத்திலேயே தெரிகிறது. ஹெரால்டு குண்டலும் கால்வின் நோடீனும் 1975இல் மார்பு எக்ஸ்ரே படங்களை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மருத்துவர்களுக்குக் காட்டினார்கள். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரக்கூடப் போதாத நேரம் அது. அந்த ஒரே பார்வையில் ஏறக்குறைய 70 சதவீத விடைகள் சரியாக வந்தன. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தபோது 97 சதவீதம். பின்னாளில் மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயைப் படிக்கும் நிபுணர்களின் கண்ணசைவைப் பதிந்தபோது, பாதிக்கு மேற்பட்ட புற்றுகளின் மேல் முதல் நொடிக்குள்ளேயே பார்வை போய் விழுந்திருந்தது. அனுபவம் இங்கே கண்ணுக்கு வழி காட்டுகிறது. எது இயல்பு என்று தெரிந்திருப்பதால், இயல்பு முழுவதையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிட முடிகிறது.

பை சோதனையில் அந்த வழிகாட்டி கிடைப்பதில்லை. ஜேசன் மெக்கார்லியும் கூட்டாளிகளும் 2004இல் பைகளின் எக்ஸ்ரே படங்களில் கத்தி தேடும் பயிற்சியைப் பலருக்குக் கொடுத்து, கண்ணசைவையும் பதிந்தார்கள். பயிற்சி பலன் தந்தது. கத்திகள் கூடுதலாகக் கிடைத்தன, நேரமும் குறைந்தது. ஆனால் பார்வை பையை வருடும் திறம் கூடவில்லை. கூடியது முழுவதும் இனங்காணும் திறமைதான்: பார்வை கத்தியின் மேல் விழுந்தபோது அது கத்தி என்று தெரிவது. பழகாத வடிவக் கத்திகளைக் கொடுத்தபோது அந்தத் திறமையும் சரிந்தது. மருத்துவரிடம் அனுபவம் எங்கே பார்ப்பது என்பதை மாற்றுகிறது. சோதனையாளரிடம் பார்த்ததை என்னவென்று அறிவதையே மாற்றுகிறது. ஒரே கதிர், ஒரே போன்ற திரை, கற்றுத் தேறும் இடம் மட்டும் வேறு. என்னை மிகவும் வியக்கவைத்த வேறுபாடு இது. மருத்துவமனையில் கற்ற பாடத்தை விமான நிலையத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது என்பதற்கும் இதுவே காரணம்.

இயந்திரத்துக்குள் வைத்திருக்கும் வடிகட்டிகளை எடுத்துக்கொண்டால் காட்சி மாறி, உறவு மறுபடி தலைகாட்டுகிறது. சி.டி. படத்தில் காற்றின் அளவு −1000, தண்ணீரின் அளவு 0, அடர்ந்த எலும்பு ஆயிரத்தைத் தாண்டும். இத்தனை சாம்பல் படிகளைக் கண் பிரித்தறியாது. ஆகவே மருத்துவர் நுரையீரலுக்கு ஒரு சாளரம், எலும்புக்கு ஒரு சாளரம் என்று அளவை நறுக்கிக்கொள்கிறார். நுரையீரல் சாளரத்தில் எலும்பு வெறும் வெள்ளையாகி வாயடைத்துப் போகிறது. சோதனையாளரின் திரையில் இதே வேலையை நிறம் செய்கிறது: உணவு, துணி, வெடிபொருள் போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு, உலோகம் நீலம், இடைப்பட்டவை பச்சை. ஒரு பொத்தானை அழுத்தினால் கரிமப் பொருட்கள் மறைந்து உலோகம் மட்டும் நிற்கும். இரண்டு வேறு ஆற்றல்களில் கதிரைச் செலுத்தி, வேறுபாட்டைக் கழித்துப் பெறும் வித்தை இது. மார்பு எக்ஸ்ரேயிலும் அதே கழித்தல் உண்டு. அங்கே எலும்பைக் கழித்துவிட்டு மென்திசுவை நிறுத்துகிறார்கள். விமான நிலையத்தில் மென்மையானதை நீக்கிக் கடினமானதைத் தேடும் அதே கணக்கு, மருத்துவமனையில் கடினமானதை நீக்கி மென்மையானதைத் தேடுகிறது. கண்ணாடியில் தெரியும் உருவம் போல இடம் வலம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இரண்டு இடத்திலும் ஆபத்தும் ஒன்றே. நுரையீரல் சாளரத்தில் மட்டும் பார்த்தால் விலா எலும்பின் கீறல் தப்பிவிடும். கரிமம் நீக்கிய திரையில் மட்டும் பார்த்தால் வெடிபொருள் தப்பிவிடும். ஆனால் இயந்திர வடிகட்டிக்கு ஒரு நற்குணம் உண்டு: அது போட்டிருக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரியும், சாளரத்தை மாற்றிப் பார்க்கலாம். மூளையின் வடிகட்டி போட்டிருப்பது நமக்கே தெரிவதில்லை.

அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது பாஸ்டன் ஆய்வாளர்களின் கொரில்லா சோதனை. டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரெமி வுல்ஃப் மூவரும் 2013இல் வெளியிட்டது. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு முடிச்சுகளைத் தேடச் சொல்லி, கடைசிப் படவரிசையில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகினார்கள். சராசரி முடிச்சைப்போல 48 மடங்கு பெரிய உருவம். 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர் அதைக் காணவில்லை. காணாதவர்களில் பலரின் பார்வை கொரில்லாவின் மேலேயே விழுந்து போயிருந்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. செய்தித்தாள்கள் இதை மருத்துவர்களின் தவறாக எழுதின. எனக்கு அது நியாயமான தீர்ப்பாகப் படவில்லை. அதே படங்களைப் பார்த்த பயிற்சியில்லாத பொதுமக்களில் கொரில்லாவைக் கண்டவர் ஒருவரும் இல்லை. மருத்துவர்களிலாவது நால்வர் கண்டார்கள். முடிச்சு வெண்மையானது, கொரில்லா கருத்தது. வெண்மையானவற்றைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னால் குறுக்கே போகும் கருத்த உருவம் பெரும்பாலோருக்குத் தெரியாமல் போகும் என்று ஸ்டீவன் மோஸ்ட் குழுவினர் 2001லேயே காட்டியிருந்தார்கள். மருத்துவர்களின் வடிகட்டி கெட்டுப்போயிருக்கவில்லை. வெள்ளைப் புள்ளிகளைத் தேடும் காரியத்துக்கு அது சரியாக வேலை செய்தது. அதன் விலையைத்தான் கொரில்லா காட்டியது.

விலை எவ்வளவு என்பதை 2021இல் லாரன் வில்லியம்ஸும் கூட்டாளிகளும் இன்னும் கவலைக்குரிய விதத்தில் அளந்தார்கள். இம்முறை கொரில்லா இல்லை, உண்மையான நோய்: நுரையீரல் சி.டி. படத்தின் ஓரத்தில் தெரியும் பெரிய மார்பகப் புற்று, வீங்கிய நிணநீர்க் கணுக்கள். நுரையீரல் முடிச்சை மட்டும் தேடச் சொன்னபோது 66 சதவீத மருத்துவர்கள் புற்றையும், 30 சதவீதத்தினர் நிணநீர்க் கணுக்களையும் குறிப்பிடவில்லை. எல்லா வகை மாறுபாடுகளையும் தேடுங்கள் என்று பணியை விரித்துக் கொடுத்தபோது, தவறவிட்டவர்கள் முறையே 3, 10 சதவீதமாகச் சுருங்கினார்கள். அனுபவம் அவர்களைக் காக்கவில்லை; கேள்வி விரிந்ததுதான் காத்தது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு சோதனையாளரிடம் போனால் நேர்மாறான பாடம் காத்திருக்கிறது. இங்கிலாந்தில் டாமரின் மெனீரும் கூட்டாளிகளும் 2007இல், உலோக ஆயுதத்தையும் வெடிபொருளையும் ஒருவரே ஒருசேரத் தேடும்போது இரண்டு தேடலும் நலிவதைக் கண்டார்கள். ஒருவர் ஒரு வகையை மட்டும் தேட, வேறொருவர் மற்ற வகையைத் தேடினால் பாதுகாப்பு கூடலாம் என்பது அவர்களின் பரிந்துரை. மருத்துவருக்குத் தேடலை விரித்தால் நன்மை, சோதனையாளருக்குத் தேடலைக் குறுக்கினால் நன்மை. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? முன்பு சொன்ன பிளவை நினைவில் கொண்டால் முரண்பாடு அவிழ்கிறது என்பது என் கருத்து. மருத்துவருக்கு இயல்பு என்ன என்று தெரியும். ஆகவே “இயல்பில்லாத எதுவும்” என்ற ஒரே கட்டளைக்குள் ஆயிரம் நோய்களை அடக்க முடிகிறது. இயல்பான பை என்று ஒன்று கிடையாது. எனவே சோதனையாளர் ஒவ்வொரு ஆபத்துக்கும் ஓர் உருமாதிரியைத் தனித்தனியே மனத்தில் ஏந்த வேண்டியிருக்கிறது. நீலக் கத்திக்கு வைத்த வலையில் ஆரஞ்சு நிற வெடிபொருள் சிக்காது. இரண்டு வலையையும் ஒரே கையில் பிடித்தால் இரண்டும் தொய்கின்றன.

இவ்வளவு வேறுபட்டவர்கள் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு, அதுவே இருவரின் பெரும் துயரமும். தேடுவது அரிதாகவே கிடைக்கிறது. மார்பகப் பரிசோதனை முகாமுக்கு வரும் ஆயிரம் பெண்களில் மூன்று முதல் ஐந்து பேருக்கே புற்று இருக்கும். பை சோதனையிலோ, ஒரு வெடிகுண்டைக்கூடக் காணாமல் பணி ஓய்வு பெறுகிறவர்களே மிகப் பெரும்பாலோர். வுல்ஃப், ஹொரோவிட்ஸ், கென்னர் மூவரும் 2005இல் நெரிசலான படங்களில் கருவிகளைத் தேடச் சொல்லி, அந்தக் கருவிகள் தோன்றும் விகிதத்தை மட்டும் மாற்றினார்கள். பாதிப் படங்களில் தேடுபொருள் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். பத்தில் ஒன்றில் இருந்தபோது 16 சதவீதம். நூற்றில் ஒன்றில் இருந்தபோது 30 சதவீதம். பார்ப்பவர் அதே ஆள், பொருளும் அதே பொருள். அரிதாக வருவது ஒன்றே அதைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இது மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வுக்கூட விளையாட்டு, தொழில் தெரிந்தவர்களுக்கு நேராது என்ற ஐயம் எழுந்தது. அதற்கும் விடை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. கார்லா எவான்ஸும் கூட்டாளிகளும் ஒரு மருத்துவமனையின் அன்றாட மேமோகிராம் வரிசைக்குள், புற்று உள்ள 50 படங்களையும் இல்லாத 50 படங்களையும் ஒன்பது மாத காலத்தில் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். அன்றாட வேலைக்கு நடுவே வந்த புற்றுகளில் 30 சதவீதம் தவறியது. அதே படங்களை, பாதிக்குப் பாதி புற்று உள்ள தொகுப்பாக ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது 12 சதவீதமே தவறியது. 2013இல், புதிதாகப் பயிற்சி முடித்த அமெரிக்க விமான நிலையச் சோதனையாளர்களிடமும் இதே சரிவை வுல்ஃப் குழுவினர் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் 30, மருத்துவமனையிலும் 30 என்ற பொருத்தத்தைத் தற்செயலாகவே கொள்ள வேண்டும். படங்களும் விகிதங்களும் வேறு. திசை ஒன்றாயிருப்பதுதான் முக்கியம்.

இங்கே நடப்பதைச் சோம்பல் என்று சொல்லிவிடக் கூடாது. வுல்ஃப் குழுவினர் 2007இல் பகுத்துக் காட்டியபடி, மாறுவது கண்ணின் கூர்மை அன்று, முடிவின் எல்லைக்கோடு. இல்லை, இல்லை என்றே நூறு முறை சொல்லிச் சரியாயிருந்தவருக்கு, ஐயமான ஒரு நிழலையும் இல்லை என்று ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. இதற்கு முன்னோட்டமான ஒரு கணக்கை குண்டல், நோடீன், கார்மடி மூவரும் 1978லேயே போட்டிருந்தார்கள். தவறிய நுரையீரல் முடிச்சுகளில் 30 சதவீதம் பார்வையே படாதவை. 25 சதவீதம் பார்வை மேலோட்டமாகப் பட்டு நழுவியவை. மீதி 45 சதவீதம், நன்றாகப் பார்த்தும் நோயில்லை என்று ஒதுக்கப்பட்டவை. தள்ளுதல் கண்ணின் வாசலில் மட்டும் நடப்பதில்லை. நிழலை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, விசாரித்த பிறகும் நடக்கிறது.

நோய் ஒன்றாயிருந்தும் மருந்து ஒரு பக்கத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது. பல நாடுகளில் பை சோதனை இயந்திரங்கள், உண்மையான பைகளின் படங்களுக்குள் பொய்யான ஆயுத நிழலை அவ்வப்போது தாமே செருகுகின்றன. சோதனையாளர் அதைப் பிடித்தால் உடனே திரை பாராட்டுகிறது, விட்டால் உடனே சுட்டுகிறது. தேடுபொருள் வரும் விகிதமும் உயர்கிறது, சரியா தவறா என்பதும் சில நொடிகளில் தெரிகிறது. குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். செருகிய படத்தின் சாயலைப் பழகிக்கொண்டு அதை மட்டும் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இன்னொரு காப்பும் தருகின்றன: வழக்கமாக இருபது நிமிடங்களுக்கு மேல் ஒருவர் தொடர்ந்து திரையைப் பார்க்கக் கூடாது. விழிப்பு அரைமணிக்குள் சரியத் தொடங்குவதை நார்மன் மேக்வொர்த் 1948இல் காட்டியதன் நெடுந்தொலைவு எதிரொலி அது.

கதிரியல் மருத்துவருக்கு இருபது நிமிட விதி கிடையாது. அவர் விட்ட புற்று, விட்டுவிட்டாய் என்று நொடியில் வந்து சொல்லாது. ஓரிரு ஆண்டு கழித்து, வேறொரு மருத்துவரின் மேசையில் வந்து சொல்லும். பிரிட்டனின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் விடை தெரிந்த படத்தொகுப்புகளைக் கொடுத்துப் படிப்போரின் திறனை அளக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே படிக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆயினும் அந்தத் தொகுப்பு அன்றாட வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. இது தேர்வு என்று தெரிந்தே படிக்கிறார்கள். பொய்ப் பையால் வீணாவது சில நொடிகள், பொய் நோயாளியின் அறிக்கை தவறிப்போய் யாருடைய கோப்பிலாவது ஏறினால் விளைவு கடுமையானது என்பது உண்மைதான். ஆனால் எவான்ஸின் ஆய்வு, அன்றாட வரிசையில் படங்களைக் கலப்பதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று செய்தே காட்டியிருக்கிறது. ஒரு சூட்கேஸைப் பார்க்கிறவருக்கு நாம் கொடுத்திருக்கும் உதவியை ஓர் உடலைப் பார்க்கிறவருக்குக் கொடுக்காமலிருப்பதற்கு நல்ல காரணம் எனக்குத் தென்படவில்லை.

முதல் பொருள் கிடைத்தவுடன் தேடல் தளர்ந்துவிடும் குறையிலும் இருவரும் ஒன்றே. 1962இல் வில்லியம் டட்டன்ஹம் கதிரியலில் சுட்டிக்காட்டிய இந்தக் குறையை, ஸ்டீபன் மிட்ராஃப் குழுவினர் பொதுவான தேடல் சோதனைகளிலும் கண்டார்கள். ஒரு முறிவைக் கண்டவர் இரண்டாவதை விடுகிறார்; ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கண்டவர் அதன் பின்னால் இருக்கும் பிளேடை விடக்கூடும். கிடைத்தது கிடைத்த பின்னும் பட்டியல் போட்டுக்கொண்டு நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழ் என்று மறுபடி போய்ப் பார்ப்பது கதிரியலில் கற்பிக்கப்படும் பழக்கம். உச்சியும் பின்புறமும் நிலையாக இல்லாத பைக்கு அப்படியொரு பட்டியல் எழுதுவது கடினம்.

கடைசியாக ஒரு வேறுபாடு. அது நம்மைப் பற்றியது. பைக்குக் கடந்த காலம் இல்லை. போன முறை இதே பயணியின் பை எப்படி இருந்தது என்று எந்தச் சோதனையாளரும் எடுத்துப் பார்க்க முடியாது, பார்த்தாலும் பயனில்லை. உடலுக்குக் கடந்த காலம் உண்டு. மருத்துவருக்குக் கிடைக்கக்கூடிய வடிகட்டிகளிலேயே வலிமையானது, அதே நோயாளியின் பழைய படம். காசநோய் ஆறிய தழும்புகள் ஏராளமாக உள்ள நம் நாட்டில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். தழும்பும் புதிய முடிச்சும் திரையில் ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டு ஆண்டுகளாக அளவு மாறாத கெட்டியான முடிச்சு பெரும்பாலும் தீங்கற்றது என்பது கதிரியலின் நெடுநாள் வழக்கு. பழைய படம் கையில் இருந்தால் அந்த நிழலை ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். படம் இல்லாவிட்டால் அதே நிழல் இன்னொரு ஸ்கேனுக்கும் ஊசிச் சோதனைக்கும் தூக்கமற்ற சில வாரங்களுக்கும் காரணமாகும்.

எனவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் அவை பதிந்த குறுந்தகடுகளையும் அறிக்கை வந்ததும் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். உறையில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது புதிய வலியை மட்டும் சொல்லி நிறுத்தாமல், பழைய காசநோய், பழைய அறுவைச் சிகிச்சை, குடும்பத்தில் உள்ள புற்றுநோய் எல்லாவற்றையும் பரிசோதனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.